எல்லார் கண்ணுக்கும் தெரிந்த அக்காவுக்கு

என் வசந்தி அக்கா,

உன் தலைத்திவசத்துக்கு நாள் பார்த்துவிட்டு வந்து மாமா, உன் வீட்டுக்காரர், இன்று காலையில் சொன்னார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, கரண்ட் பில் கட்டிவிட்டு வந்தவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். குரல் உடையவில்லை. இதை உனக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வேறு யாரிடம் சொன்னாலும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். உனக்குத் தெரியும்.

ஊரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உன் தெருவில் நடந்ததில் ஆளுக்கொரு துண்டு எல்லோரிடமும் இருக்கிறது. முழுதாக யாரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. உன்னிடம் இருக்கிறதா?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறியது. நானும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உன் மகள் கயல் அங்கே நின்றிருந்தாள். அழவில்லை. "சித்தி, நீயும் போயிட்டா, ராத்திரிக்கு அப்பாவுக்கு என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டாள். நான் பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, பாடாலூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இருந்துட்டு வா. கடை பக்கத்துலதான் ஓட்டல் இருக்கு, நான் சாப்ட்டுக்கறேன்" என்றார். டயர் கடைக்காரர், ஒன்றையும் நீட்டிப் பேசத் தெரியாதவர். அப்படித்தான் நான் திருமழபாடிக்குக் குடிவந்தேன்.

இருபது வருடமாக ஹைவே ஓரத்தில் குடியிருந்தவள் நான். அங்கே ஒரு பாக்கெட் பால் வாங்க வேண்டும் என்றால்கூட ரோட்டைத் தாண்ட உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். லாரிச் சத்தத்தில் நான் நடக்கிற சத்தம் என் காதிலேயே விழுந்ததில்லை. உன் தெருவில் முதல் நாள் நடந்தபோது என் செருப்புச் சத்தம் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன். யாரோ கூட வருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் நடைதான். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் போய்த் தேங்காய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கோயிலுக்கு நடை, மருந்துக்கடைக்கு நடை, மாமாவின் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு நடை. எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் கொள்ளிடம் ஆறு நிற்கிறது. ஆயிரம் வருடமாக ஜனங்கள் தேய்த்த கல்லில் நாமும் கால் வைத்து இறங்குகிறோம். நீ அடிக்கடி சொல்வாயே, "இங்க வந்து ஒரு மாசம் இருந்து பாருடி, உனக்குத் திரும்பிப் போவ மனசு வராது" என்று. நீ இருந்தபோது ஒரு நாளுக்கு மேல் நான் தங்கியதில்லை.

ஆனால் நீ சொல்லாத ஒன்றும் இருக்கிறது அக்கா. இந்தத் தெருவில் இருப்பவர்களும் போனவர்களும் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள். காலையில் எங்கெங்கோ இருந்து வேன் வந்து நிற்கும். மொட்டை அடித்த ஒருவர் மஞ்சள் துணி கட்டிய சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படித்துறைக்கு நடந்து போவார். எதிரில் இட்லி மாவு வாங்கிக்கொண்டு வருகிற பெண் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவாள். பிறகு இருவரும் அவரவர் வழியில் போவார்கள். நானும் ஒதுங்கக் கற்றுக்கொண்டேன். ஒதுங்கும்போது சட்டியைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். பார்த்துவிடுவேன்.

சித்திரையில் ஆறு முழுக்க மணல்தான். தண்ணீர் எங்கோ அக்கரை ஓரமாக ஒரு கோடு மாதிரி கிடந்தது. அந்த வெறும் மணலில் பேச்சுச் சத்தம் வெகுதூரம் வருகிறது. அக்கரையில் யாரோ யாரையோ "ஏ, வரியா இல்லியா?" என்று கூப்பிடுவது நம் கொல்லைக்குள் கேட்கும். எட்டிப் பார்த்தால் ஆள் தெரியாது. முதல் வாரம் நான் இரண்டு மூன்று தடவை "வரேன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். கயல் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த மாதத்தில்தான் அது தொடங்கியது.

கோயில் வாசலில் பூக்கடை போட்டிருக்கிற ராணியம்மாவிடம் உனக்கு விளக்கேற்றப் பூ வாங்கப் போயிருந்தேன். அவர் தலை நிமிராமல் பூவை முழம் போட்டுக்கொண்டே, "உங்க அக்கா இப்பத்தான் ஆத்துக்குப் போவுது. வெரசாப் போனா புடிச்சிரலாம்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆத்தா, என்ன சொல்லிட்டேன் நான்!"

"பழக்கத்துல வந்துருச்சுங்க. பரவால்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "பழக்கத்துல சொல்லலம்மா. பாத்துட்டுத்தான் சொன்னேன். இடுப்புல வாளிய வச்சுக்கிட்டு, கொஞ்சம் எடப்பக்கம் சாஞ்ச மாதிரி போச்சு."

நான் பூவை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். ஓடுகிற வயதா எனக்கு? படித்துறையில் ஒரு நாய் படுத்திருந்தது. மணலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒருவராவது சொன்னார்கள். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பெண் சொன்னாள். டீக்கடைக் கோவிந்து சொன்னார். கோயிலில் மணி அடிக்கிறவர், நீ அம்மன் சன்னதிக்கு முன்னால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றதாகச் சொன்னார். யாரும் பயந்து சொல்லவில்லை. பேய் என்ற வார்த்தையே யார் வாயிலிருந்தும் வரவில்லை. பஸ் வந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. எல்லாமே பட்டப்பகலில். எல்லாமே நீ வழக்கமாக நடக்கிற வழியில்.

நான் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தேன். ஒரு தடவைகூட நீ இல்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம் அப்புறம்தான். முதலில் வந்தது கோபம். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்குத் தெரிகிறாய். டீ ஆற்றுகிறவருக்குத் தெரிகிறாய். ஒரே பாயில் படுத்து, ஒரே தாவணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வளர்ந்த எனக்கு ஏன் தெரியவில்லை? நான் உன் புடவையைக் கட்டுகிறேன், உன் அடுப்பில் சமைக்கிறேன், உன் கட்டிலில் உன் பெண்ணைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கிறேன். அந்த வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்க உனக்கு வழியா தெரியவில்லை?

பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் புடவையில் என்னைத்தான் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். அக்கா தங்கைக்கு ஒரே உடம்புவாகு. நடையும் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. ராணியம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "முந்தாநாளு நீ எங்க இருந்த?" என்றார்.

"கயலுக்கு சாதிச் சான்றிதழ் வாங்க அரியலூர் போயிருந்தேன். பொழுது எறங்கித்தான் வந்தோம்."

"அப்ப முந்தாநாளு மத்தியானம் போனது யாரு?"

இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. அவர் ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் கையில் வைத்து, "வச்சுக்க. நல்லதுக்குத்தான் வருது" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இதெல்லாம் மாமா காதுக்குப் போகாமல் இருக்குமா? நடந்தே எல்லாம் ஆகிற ஊரில் பேச்சும் நடந்தே வீட்டுக்கு வந்துவிடும்.

அதுவரை அவர் ஒரு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் போனார், கொண்டுவந்து போட்ட மோட்டார்களைப் பிரித்தார், போட்டதைத் தின்றார். இதைக் கேட்ட பிறகு ஆளே மாறிப்போனார். சாயங்காலம் ஆனதும் கடையை அடைத்துவிட்டுப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொள்வார். வழியில் ஒவ்வொருவரிடமும் நின்று கேட்பார். "இன்னைக்கிப் பாத்தீங்களா?" வேறு பேச்சில்லை. அவர்களும் "பாத்தேன் செல்வராசு" என்பார்கள். எங்கே, எந்தப் பக்கம், என்ன புடவை என்று கேட்பார். அவர்களும் சொல்வார்கள்.

ஒருநாள் டீக்கடைக் கோவிந்துவிடம் நான் நேராகவே கேட்டேன். "நெசமாவே தினமும் பாக்குறீங்களாண்ணே?"

அவர் டவராவைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு தடவ, ஆரம்பத்துல, பாத்த மாதிரி இருந்துச்சு. அதுவும் சத்தியமாச் சொல்ல முடியாது. அதுக்கப்பறம் சொன்னதெல்லாம் சும்மாதான் தங்கச்சி. அந்தாளு மூஞ்சியப் பாத்தா, இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"மத்தவங்க?"

"மத்தவங்களும் அப்படித்தான் இருக்கும்."

நினைத்துப் பார் அக்கா. ஒரு தெருவே சேர்ந்து, இரக்கப்பட்டு, அந்த மனுஷனை ஆற்றுப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு வீட்டிலும் போய் இனிமேல் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்கள். ஆனால் அதற்குள் அவருக்கு யாரும் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. "நானே பாத்தேன்" என்று வந்து சொன்னார். முகமெல்லாம் வெளிச்சம். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். கயல் என்னைப் பார்த்தாள். நான் அந்தத் தட்டில் சோறு போட்டேன். போடாமல் எப்படி இருப்பது? சாப்பிட்டு முடித்து அவர் கை கழுவப் போனதும் கயல் அந்தச் சோற்றை எடுத்துத் தன் தட்டில் கொட்டிக்கொண்டு வேகவேகமாகத் தின்றாள். ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆடி பிறந்ததும் மேட்டூர் நிரம்பிவிட்டது என்றார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள், கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம், ஆடு மாடுகளைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்தபோது மணலைக் காணோம். கரைக்கும் கரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர். நுரையும் மரக்கிளைகளும் ஆற்று வளைவோடு வடக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அக்கரையிலிருந்து வந்த குரல்கள் நின்றுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக ஓர் இரைச்சல். வீட்டுக்குள் தண்ணீர்க் குடத்தில் கை வைத்தால் அதில்கூட அந்த அதிர்வு தெரிந்தது.

உன்னை எரித்த இடம் எனக்குத் தெரியாது. பெண்கள் அங்கே போவதில்லை. மாமாவுக்குத் தெரியும். ஆற்றோரம் மணல் மேட்டில் என்று சொல்லியிருக்கிறார். அன்று பார்த்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அவ எடத்துல தண்ணி வந்துருச்சு மங்கை."

"வெள்ளம் வந்தா வரத்தானே மாமா செய்யும்."

"அவளுக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் அதைச் சொன்ன விதத்தில் துளி சந்தேகமும் இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் படித்துறை நிறைய ஜனம். காப்பரிசி, காதோலை கருகமணி, புதுமஞ்சள் கயிறு. போலீஸ்காரர்கள் மேல்படியிலேயே கயிறு கட்டி, கீழே இறங்க விடாமல் நிறுத்திவைத்திருந்தார்கள். நானும் கயலும் உனக்காக ஒரு விளக்கை வாழை மட்டையில் வைத்து, கயிறுவரை ஏறியிருந்த தண்ணீரில் விட்டோம். அது ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டது. மாமா வரவில்லை. வீட்டிலேயே படுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் கூட்டம் கலைந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கயல் உள்ளே இருந்து வந்தாள்.

"சித்தி, அப்பா சட்டையக் கழட்டி மடிச்சு வச்சிருக்காரு. அதுமேல வாட்ச், செல்லு எல்லாத்தையும் வச்சிட்டுப் போயிருக்காரு."

இரண்டு பேரும் ஓடினோம். எத்தனை சின்னத் தெரு அது! அன்றைக்கு அது முடியவே இல்லை. ஒவ்வொரு வாசலாகப் பின்னால் போனதும் இன்னொரு வாசல் வந்துகொண்டே இருந்தது. ராணியம்மா கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், எங்கள் பின்னாலேயே வந்தார்.

போலீஸ் கயிற்றுக்கு அப்பால் அவர் நின்றிருந்தார். நெஞ்சளவு தண்ணீர். ஒரு கையால் படித்துறைச் சுவரைப் பிடித்திருந்தார். அந்தச் சுவர் இன்னும் ஓரடியில் முடிந்துவிடும். அதற்கப்புறம் வெறும் ஆறு. கோவிந்தும் இன்னும் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். படியெல்லாம் பாசி. "செல்வராசு! வாய்யா மேல!" என்று கத்தினார்கள். கத்தக் கத்த அவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. யாரிடமோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கயல் வீறிட்டாள். அவர் திரும்பவில்லை.

பெற்ற பெண் கூப்பிட்டுத் திரும்பாதவர் யாருக்குத் திரும்புவார்? "மாமா" என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"தவுடு" என்றது என் வாய். "சோறு ஆறிப்போவுது. எவ்வளவு நேரம் ஈரத்துல நிப்ப? வூட்டுக்கு வா."

கத்தவில்லை அக்கா. கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு சொல்கிற மாதிரி, கொஞ்சம் சலிப்பாக, கொஞ்சம் செல்லமாக வந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்டிருக்கக் கூடாது. எல்லோருக்கும் கேட்டது. கோவிந்து அப்படியே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்திருந்த கயல் கையை உதறிக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

மாமா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தோ வந்துட்டேன்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் கோவிந்து பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். மற்றவர்கள் இழுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம் நடந்தது எனக்கு நினைவில்லை. ராணியம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்து, "போதும், விட்டுட்டுப் போ தாயி, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். என்னிடம் சொன்னாரா, வேறு யாரிடமாவது சொன்னாரா என்று கயலுக்குத் தெரியவில்லை.

மாமா மறுநாள் முழுக்கத் தூங்கினார். அதற்கு மறுநாள் எழுந்து குளித்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எந்தப் பேரு மாமா?"

"தவுடு. எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கல. நான் பொறந்ததும், உசுரு தங்கட்டும்னு பக்கத்து வூட்டுல தவுட்டுக்கு வித்துத் திரும்ப வாங்குனாங்க. அதுலேர்ந்து அம்மா மட்டும் அப்படிக் கூப்பிடும். எனக்கு வெக்கமா இருக்கும், வெளிய யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொல்லிருவேன். அம்மா சாவுறதுக்கு முன்னாடி உங்கக்கா காதுல சொல்லிட்டுப் போச்சு. அவளும் கதவச் சாத்திக்கிட்டுத்தான் கூப்பிடுவா. கயலுக்கே தெரியாது." அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உன்கிட்ட சொல்லியிருக்காளா?"

நான் குழம்பைக் கிளறிக்கொண்டே, "சொல்லியிருக்கும் மாமா. எப்பவாவது பேச்சுவாக்குல" என்றேன்.

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். "இருக்கும்" என்றார். பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நீ சொன்னதே இல்லை அக்கா. நான் எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். போனில் நாம் பேசியது, கல்யாண வீடுகளில் மூலையில் உட்கார்ந்து பேசியது எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். உன் வீட்டுக்காரரை நீ என்னிடம் "உங்க மாமா" என்றுதான் சொல்வாய். குரல் வேண்டுமானால் சரி. நம் இரண்டு பேர் குரலும் ஒன்றுதான், போனில் நான் ஹலோ சொன்னால் மாமாவே ஏமாந்துபோவார். அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நீ கூப்பிட்ட சொல், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் எப்படி வந்தது?

அன்றிலிருந்து உன்னை யாரும் பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்து, மறுபடி மணல் தெரிந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் போய்விட்டது. ராணியம்மாவிடம் கேட்டேன். "நானும் பாத்துக்கிட்டேதான் கெடக்குறேன். வரல" என்றார். கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நம்புவாயா?

ஆனால் போன வாரம் என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "ஹலோ" என்றேன். அவர் மெதுவாக, "யாரு பேசுறது?" என்று கேட்டார். இத்தனை வருடம் உன் குரலையும் என் குரலையும் பிரித்துச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். "நான்தாங்க" என்றேன். "ம்" என்றார். நம்பின மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கறி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டிலும் சில சமயம் அப்படி நடக்கிறது. அடுப்படியிலிருந்து "கயலு" என்று கூப்பிட்டால், அவள் ஓடி வருகிற வேகமே வேறாக இருக்கிறது. வாசலில் வந்து என்னைப் பார்த்ததும் அந்த வேகம் அப்படியே நின்றுபோகிறது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அதனால் இப்போதெல்லாம் நான் போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் அவளும் நானும் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற புத்தகம் மடியில் இருந்தது. படிக்கவில்லை. மணலில் தண்ணீர் திட்டுத் திட்டாகத் தேங்கியிருந்தது.

"சித்தி, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ அம்மா மாதிரி என்னயக் கூப்பிடேன்" என்றாள்.

எது வரும், எதைக் கொண்டுவரும் என்று தெரியாமல் எப்படி வாயைத் திறப்பது? அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு கூப்பிட்டேன். "கயலு."

ஒன்றுமே வரவில்லை அக்கா. கட்டைக் குரல், கொஞ்சம் சளி, பாடாலூர்ப் புழுதி. என் குரல்தான். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இது நீதான் சித்தி. நீயேதான்" என்று சொல்லி என் மடியில் தலையைப் போட்டுக்கொண்டாள். இருட்டுகிறவரை நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எங்களைச் சுற்றிப் படித்துறையில் யாரும் இல்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே யாரும் இல்லை.

ஆசைக்குக் கூப்பிட்டால் நீ வரமாட்டாய் என்று புரிந்துகொண்டேன். சரி. நான் இனி உன்னைத் தேடிப் படித்துறைக்கு ஓட மாட்டேன். உன் பெண் பரீட்சை எழுதி, அவள் கேட்கிற நர்சிங் படிப்பில் சேர்ந்து, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகிறவரை இந்தத் தெருவை விட்டு நான் போக மாட்டேன். அதற்கப்புறமும் வாரம் ஒரு நாளாவது வந்து இந்த வீட்டில் விளக்கேற்றுவேன். மாமாவிடம் அந்தப் பேரை நானாக ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது உன்னுடையது.

ஆனால் இந்த வீட்டில் மாமா, கயல் இரண்டு பேரில் யாராவது ஒருவர் மறுபடி ஆழத்தில் கால் வைத்தால், யோசிக்காதே அக்கா. என்னைக் கேட்கக்கூட வேண்டாம். வந்து பேசிவிட்டுப் போ. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் பிறந்து, உனக்குப் பின்னாலேயே நடக்கிற,
உன் தங்கச்சி மங்கை